வைக்கோலை ஆலைக்குக் கொடுத்தால் சுற்றுச்சூழலுக்கு லாபமா? கணக்கைப் படிக்கும் முறை

நீங்கள் கேட்டது இது: மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் உங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தைத் தேடி ஆலைக்காரர்கள் வந்திருக்கிறார்கள். நெல் வைக்கோல், சர்க்கரை ஆலை மொலாசஸ் (சர்க்கரை எடுத்த பின் எஞ்சும் கரும்புப் பாகு), கண்மாய்களில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம் மூன்றையும் நீண்ட கால ஒப்பந்தத்தில் வாங்கி எத்தனாலும் எரிவாயுவும் எடுக்கப் போகிறார்களாம். கொடுத்துவிட்டுப் போன அறிக்கையில் "பெட்ரோலைவிட 80 சதவீதம் குறைவான கார்பன்" என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு (ஒரு பொருள் வயலில் தொடங்கி எரிந்து முடியும்வரை ஆகும் சுற்றுச்சூழல் பாதிப்பைக் கூட்டிப் பார்க்கும் கணக்கு) செய்து வந்த எண் என்கிறார்கள். அதை நம்பலாமா, எதை வைத்துச் சரிபார்ப்பது?

இந்த மாதிரிக் கணக்குகளைப் போடுவதும் மற்றவர்கள் போட்டதைச் சரிபார்ப்பதும்தான் என் வேலை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. அந்த 80 சதவீதம் பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இல்லாமலேகூட அது உங்கள் ஊருக்குப் பொருந்தாத எண்ணாக இருக்கலாம். உயிர்ப்பொருளை எடுத்து எரிபொருளாக்கும் எந்த ஆலையிலும் முதலில் கேட்க வேண்டியது, ஆலைக்கு வருவதற்கு முன்னால் அந்தப் பொருள் என்ன செய்துகொண்டிருந்தது என்பதுதான். மெஷின், தொழில்நுட்பம், நொதி எல்லாம் அதற்குப் பிறகு. பெரும்பாலான அறிக்கைகள் இந்தக் கேள்வியை ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன.

ஹரியானாவின் பானிபட்டில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இரண்டாம் தலைமுறை எத்தனால் ஆலை (உணவுப் பொருளில் இருந்து அல்லாமல் பயிர்க் கழிவிலிருந்து எடுப்பது) 2022 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் நெல் வைக்கோலில் இருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது அதன் திட்டம். அங்கே சுற்றுவட்டாரத்தில் அறுவடை முடிந்த கையோடு வயலிலேயே தீ வைக்கிறார்கள். கோதுமை விதைக்க அவசரம், அவ்வளவு வைக்கோலுக்கு வேறு வேலையும் இல்லை. ஆகவே ஆலைக்கு வரும் ஒவ்வொரு டன்னும் எரியாமல் தப்பிய டன் என்று கணக்கில் எழுதலாம், நியாயம்தான். மேலூரில் அப்படியா? தை கடைசியில் கதிரறுப்பு மெஷின் போன பின்னால் உருளைக்கட்டு கட்டும் மெஷின் வருகிறது. இரண்டு மூன்று நாளில் வயல் காலி. கட்டுகள் வீட்டோரம் படப்பாக ஏறிவிடும், அல்லது மாட்டுக்காரர்கள் வண்டி போட்டு வாங்கிப் போவார்கள். ஒரு மாடு நாளுக்கு ஐந்து கிலோ காய்ந்த வைக்கோல் தின்றால் வருடத்துக்கு 1.8 டன். ஓர் ஏக்கரில் வரும் வைக்கோல் தோராயமாக 2 டன். அதாவது ஓர் ஏக்கர் வைக்கோல் ஒரு மாட்டின் ஒரு வருடத் தீனி. அதை ஆலைக்குக் கொடுத்துவிட்டால் அந்த மாடு எதைத் தின்னும் என்பதும் வாழ்க்கைச் சுழற்சிக் கணக்கின் ஒரு வரிதான். உங்களுக்கு வந்த அறிக்கையில் அந்த வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

இனி முறைக்கு வருவோம். சர்வதேசத் தரநிலை அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் 14040, 14044 என்று இரண்டு தரநிலைகள் 2006-ல் வந்தன. உலகம் முழுக்க இந்த மதிப்பீட்டை அவற்றின்படிதான் செய்கிறார்கள். வேலை நான்கு கட்டம்: எதற்காக, எந்த எல்லைக்குள் கணக்கிடுகிறோம் என்று முடிவு செய்வது, உள்ளே போவது, வெளியே வருவது அனைத்தையும் பட்டியலிடுவது, அந்தப் பட்டியலைப் புவிவெப்பம், நீர்ப் பற்றாக்குறை, மண் அமிலமாதல், நீர்நிலைகளில் சத்து மிகுந்து பாசி படர்தல், காற்றில் நுண்துகள் என்று பாதிப்புகளாக மாற்றுவது, கடைசியில் முடிவுகளை ஆராய்வது. மூன்றாம் கட்டத்தைக் கணினி செய்துவிடும், ஓப்பன்எல்.சி.ஏ. என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. வழக்கெல்லாம் முதல் கட்டத்தில்தான். எல்லையை எங்கே போட்டார்கள் என்று பார்த்தாலே விடை எந்தப் பக்கம் சாயும் என்பது பாதி தெரிந்துவிடும்.

அளவுகோலையும் பாருங்கள். "ஒரு லிட்டர் எத்தனாலுக்கு இவ்வளவு, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு இவ்வளவு" என்று ஒப்பிட்டிருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல், எத்தனாலில் 21 தான். லிட்டருக்கு லிட்டர் ஒப்பிட்டால் எத்தனாலுக்கு மூன்றில் ஒரு பங்கு சலுகை சும்மா கிடைத்துவிடும். மெகாஜூலுக்கு மெகாஜூல், அல்லது வண்டி ஓடிய கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் ஒப்பிடுவதே சரி. உங்கள் நிறுவனத்துக்கு இன்னொரு அளவுகோலும் வேண்டும்: ஒரு டன் வைக்கோலை இந்த வழியில் விட்டால் என்ன நன்மை, வேறு வழியில் விட்டால் என்ன நன்மை. விவசாயி கையில் இருப்பது வைக்கோல், எத்தனால் இல்லையே.

அந்த அளவுகோலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பானிபட் திட்ட அளவின்படி ஒரு டன் வைக்கோலுக்கு 150 லிட்டர் எத்தனால். ஆற்றலில் அது 3,150 மெகாஜூல், ஏறக்குறைய 100 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். எண்ணெய்க் கிணற்றிலிருந்து புகைபோக்கி வரை பெட்ரோலுக்கு மெகாஜூலுக்கு 94 கிராம் கார்பன் டை ஆக்சைடு என்று ஐரோப்பிய ஒன்றிய விதி எடுத்துக்கொள்கிறது. அதையே வைத்தால் ஒரு டன் வைக்கோல் தவிர்ப்பது சுமார் 300 கிலோ கார்பன் டை ஆக்சைடு (இனிக் கிலோக் கணக்கில் கார்பன் என்று சொன்னால் இதைத்தான் சொல்கிறேன்). இதுதான் வரவு. இதைத் தாண்டி வைக்கோல் எத்தனாலில் பெரிய வரவு கிடையாது. எல்லாச் செலவும் இந்த 300-க்குள் அடங்க வேண்டும்.

செலவைப் பாருங்கள். ஒரு டன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ தழைச்சத்தும் (நைட்ரஜன்), ஒரு கிலோ அளவுக்கு பாஸ்பரஸும், 12 முதல் 17 கிலோ பொட்டாசியமும் இருக்கிறது. இப்போது அது மாட்டு வயிற்றின் வழியாகக் குப்பைக்குழிக்குப் போய், சித்திரை வைகாசியில் குப்பை அடிக்கும்போது வயலுக்கே திரும்பி வருகிறது. ஆலைக்குப் போனால் திரும்பி வராது, யூரியாவும் பொட்டாஷும் வாங்கிப் போட வேண்டும். அவற்றைத் தயாரிக்க ஆன கார்பன் இந்தக் கணக்கில் ஏறும். கட்டு கட்டும் மெஷினுக்கும் லாரிக்கும் டீசல். வைக்கோல் கனமில்லாத, இடத்தை அடைக்கும் சரக்கு. பத்து டன் லாரியில் பத்து டன் ஏறாது, அதனால் டன்னுக்கான டீசல் நெல் மூட்டையைவிட அதிகம் ஆகும். ஆலைக்குள் வைக்கோலை வேக வைக்க அமிலமும் நீராவியும், செல்லுலோஸைச் சர்க்கரையாக உடைக்க நொதியும் வேண்டும். நொதி பார்ப்பதற்குக் கொஞ்சம், ஆனால் அதைத் தயாரிக்கச் சர்க்கரையும் மின்சாரமும் நிறையப் பிடிக்கும். பல அறிக்கைகளில் நொதியை "மிகச் சிறிய அளவு" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாத பொருள் அது.

நீராவி எதில் வருகிறது என்பதுதான் இருப்பதிலேயே பெரிய கேள்வி. வைக்கோலில் எஞ்சும் லிக்னினை (சர்க்கரையாக மாறாத கெட்டியான பகுதி) எரித்தே நீராவி எடுத்தால் நல்லது. அது போதாமல் நிலக்கரி சேர்த்தால்? நம் நாட்டு நிலக்கரி ஒரு டன் எரிந்தால் சுமார் 1.5 டன் கார்பன் டை ஆக்சைடு. ஒரு டன் வைக்கோலுக்கு 200 கிலோ நிலக்கரி எரித்தால் 300 கிலோ கார்பன். வரவு முழுவதும் அங்கேயே காலி. ஆகவே கொதிகலனில் என்ன எரிக்கப் போகிறீர்கள், மழைக்காலத்தில் வைக்கோல் நனைந்து போனால் எதை எரிப்பீர்கள் என்று நேராகக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இவ்வளவும் போக மாட்டுத் தீனி. மேலூர் வைக்கோல் ஆலைக்குப் போனால் மூன்றில் ஒன்று நடக்கும். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வைக்கோல் லாரியில் வரும், கூடுதல் டீசல். அல்லது கம்பு நேப்பியர் மாதிரித் தீவனப் புல்லைக் கிணற்றுத் தண்ணீரில் வளர்ப்பார்கள். அல்லது மாட்டை விற்றுவிடுவார்கள். மூன்றாவதை நான் ரொம்பவே கவலையோடு பார்க்கிறேன். பால் வருமானம் போவதோடு குப்பையும் போகிறது, குப்பை போனால் மண்ணின் கரிமச்சத்தும் சேர்ந்து போகிறது. கணக்கில் பிடிக்க வருடக்கணக்காகும் இழப்பு அது. வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீட்டில் இதற்கென்று தனி வழியே இருக்கிறது. ஓர் ஆலை வருவதால் சந்தையிலும் ஊரிலும் என்னென்ன மாறுகிறதோ அவற்றையெல்லாம் தொடர்ந்துபோய்க் கணக்கிடுவது ஒரு வழி. இருக்கிற சங்கிலியில் உங்கள் பங்கு எவ்வளவு என்று மட்டும் பிரித்துச் சொல்வது இன்னொரு வழி. சான்றிதழுக்கு இரண்டாவது போதும். ஓர் ஊர் முடிவெடுக்க முதலாவதுதான் வேண்டும். ஆலைக்காரர்கள் கொடுத்திருப்பது அநேகமாக இரண்டாவதாக இருக்கும்.

அளவையும் சொல்லிவிடுகிறேன். பெரியாறு பாசனத்தில் மேலூர் பக்கத்து ஒருபோக நிலம் 85,000 ஏக்கரை ஒட்டி வரும். பானிபட் அளவுக்கு ஓர் ஆலை என்றால் 2 லட்சம் டன், ஏக்கருக்கு 2 டன் வீதம் 1 லட்சம் ஏக்கர் வைக்கோல். ஒருபோகப் பரப்பு முழுவதையும் ஒரு கட்டுகூட மிச்சமில்லாமல் அள்ளினாலும் போதாது. வைகையில் தண்ணீர் குறைந்து திறக்காமல் போன வருடத்தில் கதை இன்னும் மோசம். உங்களிடம் வந்திருப்பது சின்ன ஆலையாகவே இருக்கலாம். ஆனால் எத்தனை டன் வேண்டும், எத்தனை கிலோமீட்டர் சுற்றளவிலிருந்து என்று தெரியாமல் லாரிக் கணக்கைப் போடவே முடியாது. ஒருபோகம் என்றால் வைக்கோல் வருடத்தில் ஒரே ஒருமுறைதான் வரும். மீதி பத்து மாதத்துக்குச் சேமித்து வைக்க வேண்டும். மழையில் அழுகும், தீப்பிடிக்கும், எலி தின்னும். சேமிப்பில் ஆகும் இழப்பையும் அறிக்கையில் தேடுங்கள்.

அடுத்து மொலாசஸ். கணக்குப் போடுபவரின் கைக்கு ஏற்ப விடை எப்படி மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வாடிப்பட்டி, அலங்காநல்லூர் பக்கம் ஓர் ஏக்கர் கரும்பை எடுத்துக்கொள்வோம், 40 டன் வெட்டு. தழைச்சத்து 110 கிலோ போடுகிறார்கள். போட்ட தழைச்சத்தில் 1 சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் போகிறது என்பது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் பொது மதிப்பு. 1.1 கிலோ நைட்ரஜன், வாயுவாக 1.73 கிலோ. நைட்ரஸ் ஆக்சைடு கார்பன் டை ஆக்சைடைப்போல் 273 மடங்கு சூடேற்றும். ஆக ஏக்கருக்கு 470 கிலோவுக்குச் சமம், டன் கரும்புக்கு 12 கிலோ. அந்த 1 சதவீதம்கூட எல்லோரும் ஒப்புக்கொண்டதில்லை. உரமாகத் தொடங்கிய நைட்ரஜன் கடைசிவரை சுற்றி முடிவதற்குள் 3 முதல் 5 சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடாகிறது என்று நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் பால் குருட்சனும் அவர் குழுவும் 2008-ல் வாதிட்டார்கள். அவர்கள் சொல்வதை எடுத்தால் இந்த 12 மூன்று முதல் ஐந்து மடங்காகிவிடும்.

பிறகு தண்ணீர். கரும்புக்கு மழையும் பாசனமுமாக 2,000 மில்லிமீட்டர் என்று வைத்தால் ஏக்கருக்கு 8,000 கனமீட்டர். பாதியை 30 மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து இறைக்கிறோம் என்று கொள்ளுங்கள். 40 சதவீதத் திறனுள்ள மோட்டாருக்கு ஒரு கனமீட்டருக்கு 0.2 யூனிட், மொத்தம் 800 யூனிட். யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் வீதம் 560 கிலோ, டன் கரும்புக்கு 14 கிலோ. விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் விவசாயியின் கணக்குப் புத்தகத்தில் இது ஏறாது. அங்கிருந்து தகவல் திரட்டிய ஆய்வாளரும் பல நேரம் விட்டுவிடுவார். யூனிட்டுக்குக் காசு இல்லையே தவிர, அதற்காக எங்கோ நிலக்கரி எரிந்திருக்கிறது.

உரத் தயாரிப்பு, டிராக்டர், காய்ந்த கரும்புச் சோகை எரிப்பு, லாரி எல்லாம் சேர்த்து டன் கரும்புக்கு உதாரணமாக 40 கிலோ என்று வைப்போம். அந்த ஒரு டன் கரும்பில் 95 கிலோ சர்க்கரையும் 45 கிலோ மொலாசஸும் வருகிறது. மொலாசஸிலிருந்து 10 லிட்டர் எத்தனால். இப்போது அந்த 40 கிலோவைச் சர்க்கரைக்கும் மொலாசஸுக்கும் எப்படிப் பிரிப்பது? எடைப்படி பிரித்தால் மொலாசஸின் பங்கு 32 சதவீதம், லிட்டர் எத்தனாலுக்கு 1.3 கிலோ. விலைப்படி, சர்க்கரை கிலோ 36 ரூபாய், மொலாசஸ் 10 ரூபாய் என்று வைத்துப் பிரித்தால் பங்கு 12 சதவீதம்தான், லிட்டருக்கு 0.47 கிலோ. அதே ஆற்றலுள்ள பெட்ரோல் வெளியிடுவது 2 கிலோ. ஆகவே எடைக் கணக்கில் சேமிப்பு 36 சதவீதம், விலைக் கணக்கில் 77 சதவீதம். வடிப்பாலையின் செலவு இன்னும் சேரவேயில்லை. அதே வயல், அதே கரும்பு, அதே ஆலை! "மொலாசஸ் சர்க்கரை ஆலையின் கழிவுதானே" என்று சொல்லிப் பங்கே இல்லை என்று போட்டால் 100 சதவீதம்கூடக் காட்டலாம். உங்கள் அறிக்கையின் 80 எந்த முறையில் வந்தது என்று கேட்காமல் அதைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை. ஐ.எஸ்.ஓ. தரநிலையும் முடிந்தவரை பங்கு பிரிப்பதைத் தவிர்க்கவும், பிரித்தே ஆகவேண்டும் என்றால் வேறு முறையிலும் போட்டுக் காட்டவும் சொல்கிறது. மொலாசஸுக்கு இன்று மாட்டுத் தீவனத்திலும் மதுபானத்திலும் நல்ல கிராக்கி இருப்பதால் பூஜ்யம் என்று போடுவதை நான் ஏற்க மாட்டேன்.

லாரித் தூரத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். அலங்காநல்லூர் கூட்டுறவு ஆலையில் அரவை நின்று ஆண்டுகள் ஆகின்றன, அதைத் திறக்கச் சொல்லி விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அது ஓடாதவரை கரும்பும் தூரம் போகிறது, மொலாசஸும் தூரத்திலிருந்து வர வேண்டும்.

தண்ணீரில் இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு டன் கரும்புக்கு 2 லட்சம் லிட்டர். விலைப்படி பங்கு பிரித்தாலும் ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 2,400 லிட்டர் தண்ணீர், எடைப்படி 6,400 லிட்டர். தண்ணீரை வெறும் லிட்டரில் எண்ணுவதும் போதாது. எந்த ஆற்றுப் படுகையில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அதற்கு எடை கொடுக்க வேண்டும். அவேர் என்ற முறை இதற்காகவே வந்தது. தாராளமாகத் தண்ணீர் இருக்கும் இடத்துக்கு 0.1, கடும் பற்றாக்குறை இடத்துக்கு 100 வரை எடை. வைகையை நம்பி இருக்கிற நமக்கு அந்த எடை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிரேசில் கரும்பு பெரும்பாலும் மழையில் வளர்வது. வெளிநாட்டுத் தரவுத்தொகுப்பிலிருந்து பிரேசில் எண்ணை எடுத்து வாடிப்பட்டிக்குப் போட்டுவிட்டால், மோட்டார் கார்பனும் போய்விடும், வைகைத் தண்ணீரும் போய்விடும். தரவு எந்த நாட்டிலிருந்து, எந்த வருடம் என்று பின்னிணைப்பில் இருக்கும். முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

எரிவாயு பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு லிட்டர் எத்தனால் வடித்தால் பத்து லிட்டர் அளவுக்குக் கரும்பழுப்பான கழிவுநீர் வரும். ஒரு லிட்டரில் இருப்பதைச் சிதைக்க 100 கிராம் ஆக்சிஜன் தேவைப்படும் அளவுக்கு அதில் கரிமப்பொருள். பத்து லிட்டருக்கு 1 கிலோ. அதில் 60 சதவீதம் காற்றில்லாமல் மக்கினால் 150 கிராம் மீத்தேன். மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைப்போல் 28 மடங்கு. அந்தக் கழிவுநீரைத் திறந்த குட்டையில் தேக்கினால் லிட்டர் எத்தனாலுக்கு 4.2 கிலோ ஏறிவிடும். பெட்ரோலுக்கே 2 கிலோதான் என்று மேலே பார்த்தோம். மூடிய கலனில் பிடித்து எரிபொருளாக்கினால் அதே 150 கிராம் வரவாக மாறும். கழிவுநீரை வெளியே விடாத ஏற்பாடு வடிப்பாலைகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீரை வற்றவைக்க நீராவி செலவாகும், அதையும் கணக்கில் காட்டியிருக்க வேண்டும்.

கலனில் பிடித்தாலும் கசிவு உண்டு. ஒரு கிலோ மீத்தேன் எரிபொருளாகப் பயன்பட்டால் 50 மெகாஜூல், தவிர்க்கும் கார்பன் 4.7 கிலோ. அதே ஒரு கிலோ கசிந்தால் 28 கிலோ நஷ்டம். நூறில் ஒரு பங்கு கசிந்தால் நன்மையில் 7 சதவீதம் போகும். பதினான்கு பங்கு கசிந்தால் ஒன்றுமே மிஞ்சாது. கசிவு பெரும்பாலும் கலனில் இருப்பதில்லை, கலனிலிருந்து வெளியே வந்த குழம்பைச் சேர்த்து வைக்கும் திறந்த தொட்டியில் இருக்கும். அந்தத் தொட்டிக்கு மூடி உண்டா என்று கேட்டாலே ஆலைக்காரர்களின் அக்கறை விளங்கிவிடும்.

சீமைக்கருவேலத்தில் கணக்கு வேறு மாதிரி. உரம் இல்லை, பாசனம் இல்லை, பூச்சிமருந்து இல்லை. மூன்றில் இதற்குத்தான் தொடக்கச் சுமை மிகக் குறைவு. ஆனால் இங்கேயும் அதே முதல் கேள்வி: இப்போது அது எங்கே போகிறது? செங்கல் சூளைக்கு, ஓட்டல் அடுப்புக்கு, மரத்தை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகளுக்கு, ராமநாதபுரம் பக்கம் கரி மூட்டத்துக்கு. ஆலை அதிக விலை கொடுத்தால் சூளைக்காரர் எதற்கு மாறுவார்? நிலக்கரிக்கு மாறினால் வரவே மிஞ்சாமல் போகலாம்.

கரி மூட்டத்திலிருந்து திசை மாறினால் மட்டும் நன்மை நிச்சயம். முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் போனால் பார்க்கலாம். விறகை அடுக்கி, மேலே தழை போட்டு, மண் பூசி மூடி, ஓரத்தில் துளை விட்டுத் தீ வைப்பார்கள். முதல் நாட்களில் வெள்ளையாக அடர்ந்த புகை, பிறகு மெல்ல நீலமாகும். நீலம் வந்ததும் துளையை அடைத்துவிடுவார்கள். அந்தப் புகையில் மீத்தேனும் கார்பன் மோனாக்சைடும் தாரும் இருக்கின்றன. பக்கத்தில் இரவும் பகலும் காவல் இருப்பவர்களின் நெஞ்சுக்குள் நேராகப் போகிறது. வாயுவைத் திருப்பி எரிக்கும் மூடிய உலையில் அதே விறகைப் போட்டால் கரியும் கிடைக்கும், மீத்தேனும் எரிந்துவிடும். ஆலைக்காரர்கள் உண்மையிலேயே நன்மை செய்ய விரும்பினால் நான் இதைத்தான் முதலில் காட்டுவேன். எத்தனாலைவிட எளிய தொழில்நுட்பம், இங்கிருக்கிற பிரச்சினைக்கு நேரான பதில்.

மரத்தின் கார்பனிலும் ஒரு நுணுக்கம். வைக்கோலில் இருக்கும் கார்பன் போன பட்டத்தில் காற்றிலிருந்து வந்தது, அடுத்த பட்டத்தில் திரும்பப் போகும். சீமைக்கருவேலம் வெட்டினால் மறுபடி தழைத்து அந்தக் கார்பனைச் சில வருடங்களில் மீட்கும், வேரோடு தோண்டினால் மீட்காது. ஆனால் கண்மாய்க்கு வேண்டியது வேரோடு தோண்டுவதுதான். மதுரை உயர் நீதிமன்றக் கிளை இந்த மரத்தை அகற்றச் சொல்லி உத்தரவிட்டதும் நீர்நிலைகளை மீட்கத்தானே. இருபது வருடம் ஓட வேண்டிய ஆலைக்கு இருபது வருடம் விறகு வேண்டும். அப்படியானால் மரம் ஒழிவதில் ஆலைக்கு நஷ்டம், ஒழியாமல் இருப்பதில் லாபம். ஒப்பந்தத்தில் கண்மாய் விறகு ஒருமுறை மட்டும், வேரோடு என்றும், தொடர் விறகு தனியார் தரிசில் இருந்து என்றும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். கணக்கையும் இரண்டாகவே போட வேண்டும்.

மின்சார வரவு என்று ஒரு வரி இருக்கும், அதையும் கவனியுங்கள். லிக்னினை எரித்து மிச்ச மின்சாரத்தைக் கட்டமைப்புக்கு விற்றால், அவ்வளவு நிலக்கரி மின்சாரம் தவிர்க்கப்பட்டது என்று யூனிட்டுக்கு 0.7 கிலோ கழித்துக்கொள்வார்கள். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-லிருந்து ஓடும் வட்டாரம் இது. பகலில் சூரிய மின்சாரம் கலப்பதால் நண்பகல் யூனிட்டும் நள்ளிரவு யூனிட்டும் ஒரே மாதிரி இல்லை. ஆலை ஓடும் காலம் முழுக்க இன்றைய 0.7-ஐயே போட்டிருந்தால் அந்த வரவை நான் பாதியாக வைத்து மறுபடி கூட்டிப் பார்ப்பேன்.

அறிக்கையில் எல்லாப் பாதிப்பையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாகக் கொடுத்து, அதை வைத்துப் பெட்ரோலைவிட மேல் என்று பொதுவில் சொல்லியிருந்தால் அது தரநிலைக்கே விரோதம். ஐ.எஸ்.ஓ. 14044 அதை அனுமதிப்பதில்லை. பொதுவில் ஒப்பிட்டுச் சொல்வதானால் தலைவரோடு குறைந்தது மூன்று பேர் கொண்ட வெளிக்குழு ஆய்வு செய்திருக்க வேண்டும் என்பதும் அதே தரநிலைதான். குழு அறிக்கை எங்கே என்று தயங்காமல் கேளுங்கள். சுற்றுச்சூழல் அனுமதிக்காகச் செய்யும் தாக்க மதிப்பீட்டைக் காட்டி "இதுதான் அது" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது ஆலை நிற்கும் இடத்தைப் பற்றியது. வயலும் லாரியும் மாடும் அதில் வராது.

என் கருத்தைக் கேட்டால்: மொலாசஸ் எத்தனால், மூடிய கலனும் மூடிய தொட்டியும் இருந்தால் பரவாயில்லை, தண்ணீர்க் கணக்கைத் தவிர. சீமைக்கருவேலம், மேலே சொன்ன பிரிவோடு வரவேற்கலாம். மேலூர் வைக்கோலுக்கு மட்டும் என்னால் இப்போதைக்குச் சம்மதம் சொல்ல முடியவில்லை. மாட்டுக்குப் போகாமல் நனைந்து வீணாவது, மெஷின் போன பின் வயலிலேயே கிடந்து எரிக்கப்படுவது என்று கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அது எவ்வளவு என்று ஆலைக்காரர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உங்கள் உறுப்பினர்களால் மட்டுமே சொல்ல முடியும்.

வருகிற அறுவடையிலேயே அதைச் செய்யலாம். ஊருக்குப் பத்து வீடு வீதம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு எத்தனை கட்டு, ஒரு கட்டு எத்தனை கிலோ, யாருக்குப் போனது, படப்பில் ஆடி மாதம் எவ்வளவு மிஞ்சியது, எவ்வளவு அழுகியது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சில கட்டுகளிலிருந்து கைப்பிடி எடுத்து எடை போட்டு, நன்றாகக் காயவைத்து மறுபடி எடை போட்டுக்கொள்ளுங்கள். ஆலைக்காரர்களின் எத்தனால் கணக்கு காய்ந்த டன்னுக்கு, உங்கள் கட்டில் ஈரம் இருக்கும். ஒப்பந்த விலை எந்த டன்னுக்கு என்பதையும் அந்த நோட்டை வைத்தே பேச வேண்டியிருக்கும்.